வளைவு சொல்கிறவன்

என் மகன் ஃபவுண்டரிக்காரர் மகனுக்கு வளைவு சொல்லிக்கொண்டிருந்தான். சொந்தக்காரர்கள் விசாரித்தால் அப்படித்தான் சொல்வேன். "அதென்னங்க வேலை?" என்பார்கள். வேலை இல்லை, கார்ப் பந்தயம். ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டுகிற பந்தயம் அல்ல. மண் ரோட்டிலும் தோட்டத்துப் பாதையிலும் மலையடிவாரத்திலும் ஒவ்வொரு காராக நேரம் பார்த்து விடுவார்கள். காருக்கு இரண்டு பேர். ஒருவன் ஓட்டுவான். மற்றவன் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்து வரப்போகும் வளைவு எப்படிப்பட்டது என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வருவான். ஓட்டுகிறவன் கண்ணை நம்பினால் தோற்றுவிடுவான், காதைத்தான் நம்ப வேண்டும் என்று என் மகன் விளக்குவான். கோயமுத்தூரில் அப்போது நிறையப் பையன்களுக்கு இந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. வசதியான வீட்டுப் பையன்கள் ஓட்டினார்கள். பக்கத்தில் உட்காருவதற்கு வேறு பையன்கள் கிடைத்தார்கள்.

எங்களுக்குக் கணபதியில் வாடகை வீடு. நான் பஞ்சாலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். என் மனைவி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஒரே மகன். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கப் போன முதல் வருடமே அந்த ஃபவுண்டரிக்காரர் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தான். நல்ல உயரம், சத்தமான சிரிப்பு. நேராகச் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைத் திறந்து பார்ப்பான். என் மனைவிக்கு அவனைப் பார்த்த அன்றே பிடித்துப்போயிற்று.

"அத்தன பெரிய ஊட்டுப் பையன், நம்மூட்டுப் பழைய சோத்தக் கேட்டு வாங்கித் திங்கறான். அவனப் போயி சந்தேகப்படறீங்களே" என்பாள்.

எனக்குச் சந்தேகம் என்று சொல்ல முடியாது. அவன் உள்ளே வந்தால் நான் எழுந்து நிற்பேன், அவ்வளவுதான். உட்கார்ந்து பேச முடியாது. அவன் போன பிறகும் சிறிது நேரம் அங்கேயும் இங்கேயும் நடந்துகொண்டிருப்பேன்.

ஆரம்பத்தில் இருவரும் ஒருவரையொருவர் 'டேய்' என்றுதான் கூப்பிட்டார்கள். அடுத்த வருடம் கவனித்தேன், என் மகன் 'வாங்க, போங்க' என்று பேசுகிறான். என்னடா என்று கேட்டதற்கு மழுப்பினான். பிறகு அவன் அம்மாவிடம் சொன்னது என் காதுக்கு வந்தது. ஃபவுண்டரிக்குப் போனவன், வேலை செய்கிறவர்களுக்கு நடுவில் நண்பனை 'டேய்' என்று கூப்பிட்டிருக்கிறான். அங்கே இருந்த மேஸ்திரி இவனைத் தனியாக அழைத்துப்போய், "தம்பி, இங்க எல்லாருக்கும் அவரு சின்ன மொதலாளிங்க. நீங்களும் பாத்துக் கூப்புடுங்க" என்றாராம். ஃபவுண்டரிக்குள் தொடங்கிய 'ங்க' பிறகு பாலிடெக்னிக்குக்கும் எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. அந்தப் பையன் அதைத் தடுக்கவில்லை. கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

காருக்குள் மட்டும் வேறு கதை. அதை நான் ஒரே ஒரு முறை பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காரமடையிலிருந்து மலையடிவாரம் போகும் ரோட்டில் பழகப் போகிறோம், நீங்களும் வாருங்கள் என்று அந்தப் பையன் வற்புறுத்திப் பின்சீட்டில் என்னை உட்கார வைத்தான். ஹெல்மெட்டைப் போட்டதும் என் மகனுடைய குரலே மாறிவிட்டது.

"மேடு. தாண்டுனா முழங்கை, இடது. அமுத்து. அமுத்துடா நாயே! உடு. நேரு. கொக்கி, வலது, முழுசாப் புடி. எரும, இன்னும் புடிடா!"

மற்றவர்கள் இங்கிலீஷில் எண்களாகச் சொல்வார்களாம். இவர்கள் தாங்களே பெயர் வைத்திருந்தார்கள். மடங்கித் திரும்பினால் கொக்கி, சட்டென்று ஒடிந்தால் முழங்கை, நீளமாக வளைந்தால் அருவா, பிரேக் போடச் சொல்ல 'அமுத்து'. வழக்கமாகக் காகிதத்தில் குறித்து வைத்துப் படிப்பார்கள். என் மகனுக்கு அது தேவைப்படவில்லை, ரோடு மனப்பாடமாக இருந்தது. அவன் சொல்லச் சொல்ல அந்தப் பெரிய பையன் ஸ்டியரிங்கை ஒடித்தான். திட்டத் திட்டச் சிரித்தான். நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன்.

கார் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். என் மகன் இறங்கி அந்தப் பக்கம் போய்க் கதவைத் திறந்துவிட்டு, "தண்ணி கொண்டாரட்டுங்களா?" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "உள்ள அந்தப் போடு போடறே, வெளிய வந்தா இப்படிக் குனியறே?"

"உள்ள 'ங்க' போட்டுப் பேசுனா வளைவு தாண்டிருமுங்கப்பா" என்று சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "உள்ள நான் சொல்றதத்தான் அவன் கேக்கணும். வேற வழியே இல்லீங்க அவனுக்கு."

அதைச் சொன்னபோது அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அந்தச் சில நிமிடங்களுக்காக மற்ற நேரத்தையெல்லாம் இவன் கொடுத்துவிடுவான் என்று தோன்றியது. அப்படித்தான் ஆயிற்று. கடைசி வருடத்தில் பாடங்களைக் கோட்டை விட்டான். மீண்டும் எழுத வேண்டிய பரீட்சைக்கு முந்தைய வாரம் கரூர்ப் பக்கம் பந்தயம் என்று போய்விட்டான். காலையில் கிளம்பினால் ஃபவுண்டரி வாசலில் போய் நிற்பான். அந்தப் பையன் கூப்பிடும் வரை நிற்பான். படித்து ஒரு வேலைக்குப் போய்த் தன் காலில் நிற்பானா, இப்படியே அடுத்தவன் வாசலில் நின்றுவிடுவானா? எனக்கு ஆபீஸில் வேலை ஓடாது. மத்தியானம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், எதிர்ப்பக்கமிருந்து அவன் அங்கே நிற்கிறானா என்று பார்த்துவிட்டு வருவேன்.

பந்தயத்தில் ஜெயித்தால் இரண்டு கோப்பை கொடுப்பார்கள், ஓட்டுகிறவனுக்கு ஒன்று, சொல்கிறவனுக்கு ஒன்று. இரண்டுமே அந்த வீட்டுக் கண்ணாடி அலமாரியில்தான் இருந்தன. என் மனைவி ஒருமுறை ஆசையாகக் கேட்டாள். "இங்க கொண்டாந்தா எங்கீங்கம்மா வெப்பீங்க, அரிசிப் பானை மேலயா?" என்று அந்தப் பையன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். அன்றிலிருந்து அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பொங்கல் முடிந்த ஒரு ஞாயிறு. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். அரிசியும்பருப்புஞ்சோறு.

"இன்னொரு கரண்டி போடுங்கம்மா. எங்கூட்டுச் சமையக்காரருக்கு இது வரவே மாட்டேங்குது."

"சாப்புடு கண்ணு."

"அங்கிள், ஒரு நல்ல சேதி. அடுத்த மாசப் பந்தயத்துக்குப் பெங்களூர்லருந்து ஒருத்தரு வாராரு, பக்கத்துல உக்கார. பெரிய ஆளு. அப்பா பேசி முடிச்சுப்போட்டாரு."

என் மனைவியின் கை கரண்டியோடு நின்றது. "அப்ப இவன்?"

"இவன் இல்லாமயா? சர்வீஸ் ஜீப்புல வருவான். டயரு, பெட்ரோலு, சாப்பாடு எல்லாம் இவன் பொறுப்பு. என்ன மாப்ள?"

என் மகன் தயிரை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான். "சரிங்க" என்றான்.

"அவரு இங்கிலீசுல நம்பரு சொல்லுவாராமா. நம்ம கொக்கி, முழங்கையெல்லாங் கேட்டாச் சிரிச்சே செத்துருவாரு." அவன் சிரித்தான். என் மகனும் கூடச் சிரித்தான். "நாளைக்குக் காலைல மட்டும் வந்துரு. காரமட ரோட்டுல ஒரு தடவ போயிட்டு வந்தர்லாம். நீ சொல்றத நான் அவருக்குப் புரியற மாதிரி மாத்திக்கறேன்."

"வாரேனுங்க."

எனக்கு உள்ளுக்குள் ஒரே நிம்மதி. விட்டது தொல்லை என்று நினைத்தேன். ஜீப்பில் டயர் உருட்டுவதற்கு எத்தனை நாள் போவான்? தானாகப் படிப்புக்குத் திரும்பிவிடுவான். அவன் முகத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினான். "ரோடு பாத்துட்டு வந்தர்றனுங்கப்பா" என்றான். அது அவன் பழக்கம். மறுநாள் பழகப் போகிற ரோட்டை முந்தின நாளே போய்ப் பார்த்து வருவான். எங்கே மணல் கொட்டியிருக்கிறது, எங்கே ரோட்டோரம் எருமை கட்டுகிறார்கள், எந்த இடத்தில் மதகு உடைந்திருக்கிறது என்று பார்த்து அதையும் வளைவோடு சேர்த்துச் சொல்வான். இருட்டுவதற்குள் வந்துவிட்டான். தோசை சாப்பிட்டான். படுத்துவிட்டான்.

மறுநாள் காலை நான் ஆபீஸுக்குக் கிளம்பும் நேரத்தில் பக்கத்து வீட்டுக்கு ஃபோன் வந்தது.

அவிநாசி ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நானும் என் மனைவியும் ஆட்டோவில் போனோம். வாசலிலேயே பெஞ்சில் என் மகன் உட்கார்ந்திருந்தான். முழங்கையில் ஒரு கட்டு, நெற்றியில் ஒரு கீறல், வேறொன்றும் இல்லை. என் மனைவி அவனைத் தடவித் தடவிப் பார்த்தாள். நண்பனுக்கு வலது முழங்கால் நொறுங்கியிருந்தது. கார் வழுக்கி, ரோட்டை விட்டு இறங்கித் தென்னை மரத்தில் ஓட்டுகிறவன் பக்கமாக மோதியிருந்தது.

ஃபவுண்டரிக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, சிவந்த கண்கள். தன் மகனை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் என் மகனைப் பார்த்து, "என்னடா ஆச்சு? நீ சொல்லலியா?" என்றார். என் மகன் வாயைத் திறப்பதற்குள் ஸ்ட்ரெச்சரிலிருந்து குரல் வந்தது.

"அவன் சொன்னான்ப்பா. 'முழங்கை, கொள்ளு போட்டிருக்குது, அமுத்து'ன்னு தெளிவாச் சொன்னான். நாந்தான் கேக்கல."

பெரியவர் என் மகனின் தோளில் கை வைத்து, "கேட்டானா பாரு" என்று அழுதார்.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாரிடமும் சொல்லாமல் காரமடைக்குப் பஸ் ஏறினேன். அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கார் வழுக்கிய வளைவு தாண்டியதும் தார் ரோடு முழுக்கக் காய்ந்த கொள்ளுச் செடி பரப்பிக் கிடந்தது. தை மாதத்தில் அந்தப் பக்கம் எங்கேயும் பார்க்கலாம். லாரியும் பஸ்ஸும் ஏறி மிதித்தால் காய் உடைந்துவிடும். தனியாக அடிக்க வேண்டியதில்லை. உதிர்ந்த கொள்ளு தாரின் மேல் பால்ரஸ் குண்டு போல உருண்டு கிடந்தது. என் செருப்பே வழுக்கியது. ஒரு அம்மா முறத்தோடு ஓரமாக நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் பயந்துபோய்ப் பேச ஆரம்பித்தார்.

"நாங்க வருசா வருசம் இங்கதானுங்க போடறோம். வேணும்னு போடலீங்க சாமி. நேத்துச் சாயங்காலங்கூட ஒரு தம்பி சின்ன வண்டீல வந்து நிறுத்தி, 'நாளைக்கும் இங்கதான் போடுவீங்களா'ன்னு கேட்டுச்சுங்க. ஆமாங் கண்ணு, பாத்துப் போன்னு சொன்னேன். அந்தத் தம்பிதானுங்க காலைல காருக்குள்ள இருந்துச்சு."

நான் திரும்பி நடந்தேன். இதில் என்ன இருக்கிறது, அவன் பார்த்தான், காரில் சொன்னான், ஓட்டினவன் கேட்கவில்லை. அவனே சொல்லிவிட்டானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பஸ் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஊர்ந்துகொண்டிருந்தது. இறங்கி ஓடலாமா என்றிருந்தது.

அடுத்த நாள் காலையில் மகனை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டேன்.

"கொள்ளுப் போட்டிருந்தது உனக்கு முந்தின நாளே தெரியும்."

"தெரியுமுங்க."

"சொன்னேயில்ல?"

அவன் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். "சொல்லலீங்கப்பா."

"மறந்துட்டியா?"

"இல்லீங்க. வாய் வரைக்கும் வந்துச்சு. தொறந்துட்டு மூடிட்டேன்."

"எதுக்குடா?"

"தெரியலீங்க." முழங்கைக் கட்டைத் தடவிக்கொண்டே சொன்னான்: "ஒரே ஒரு வளைவு, அவனா ஓட்டிப் பாக்கட்டும்னு இருந்துச்சுங்க. இப்படி ஆகும்னு நெனைக்கல."

"அப்ப அவன் எதுக்கு நீ சொன்னேங்கறான்? நெனப்பில்லாமப் பேசுனானா?"

"காது கேக்குமல்லங்க அவனுக்கு. நான் சொன்னது சொல்லாதது அவனுக்குத் தெரியாதுங்களா."

கீழே என் மனைவி கூப்பிடும் சத்தம் கேட்டது. நாங்கள் இருவரும் அசையவில்லை. அந்தப் பையன் பெருந்தன்மையாக இவனைக் காப்பாற்றியிருக்கிறான் என்று அப்போது நினைத்தேன். இரண்டு நாள் அவனை மனதுக்குள் கும்பிட்டேன்.

பெருந்தன்மையாகவே இருந்திருக்கலாம், முதல் நாள். எனக்கு இன்றுவரை தெரியாது.

முழங்கால் மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த அன்றே அவன் என் மகனைத்தான் கேட்டான். நர்ஸ் வேண்டாம், வேலையாள் வேண்டாம், இவன்தான் வேண்டும். இவன் போனான். தூக்கி உட்கார வைத்தான், குளிக்க வைத்தான். பிறகு அவனை ஃபவுண்டரிக்குக் காரில் கூட்டிப்போய்க் கூட்டி வரும் வேலையும் இவனுடையதாயிற்று. மீதிப் பரீட்சையைப் பற்றி யாரும் பேசவில்லை. நடந்ததைப் பற்றி அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை என்று மகன் சொன்னான். ஆனால் நாலு பேர் இருக்கும் இடத்தில் அந்தப் பையன் இவன் தோளைத் தட்டிச் சொல்வான்: "இவன் எவ்வளவு தெளிவாச் சொன்னாலும் நான் கேக்கவே மாட்டனுங்க. என்ன மாப்ள?" எல்லோரும் சிரிப்பார்கள். ஒருமுறை அதை நேரில் பார்த்தேன். என் மகன் "ஆமாங்க" என்றான்.

ஆபீஸில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சொல்லி வைத்தேன். பரீட்சையை அங்கிருந்தே எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். என் மகன் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெட்டியைக்கூடக் கட்டினான். யாரிடம் சொன்னானோ, கிளம்புவதற்கு முந்தைய நாள் மத்தியானம் அந்தப் பையன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு என் மகனோடு எங்கள் வீட்டுக்குள் வந்தான். காலை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்தான்.

"போகட்டுமுங்க அங்கிள். நானா புடிச்சு வெச்சிருக்கேன்?"

என் மனைவி காபி கொண்டுவர உள்ளே போனாள். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "தம்பி, ஆனது ஆயிப்போச்சு. எனக்கும் தெரியும். அதையெல்லாம் மனசுல வெச்சுக்காம அவன உட்டுரு சாமி."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அவன் கண்கள் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. "எதைங்க அங்கிள் மனசுல வெக்கறது? அவந்தான் சொன்னானே. நாந்தான் கேக்கல."

ஜன்னல் கதவைச் சாத்துவது போல எழுந்து போனேன்.

"காத்தால நானே வந்து பஸ் ஏத்தி உடறேன்" என்று சொல்லிவிட்டு, காபியைக் குடித்துவிட்டுப் போனான். சொன்னபடி வந்தான். ஃபவுண்டரி டிரைவர் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்கிக்கொண்டார். பெட்டியைப் பின்னால் வைத்து என் மகனே ஓட்டிக்கொண்டு போனான். என் மனைவி திருநீறு பூசி அனுப்பினாள். மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால், அதே பெட்டியோடு நின்றான்.

"பேசிட்டே அன்னூர் வரைக்கும் போயிட்டோமுங்கப்பா. பஸ்ஸு போயிருச்சு."

"என்ன பேசுனீங்க?"

"சும்மா. பழைய பந்தயமெல்லாம்."

மறுநாள் பஸ் இல்லையா, அதற்கடுத்த நாள் இல்லையா? கேட்டேன். கெஞ்சினேன். என் மனைவி அவன் காலையே பிடித்துவிட்டாள். அவன் ஏன் போகவில்லை என்று அவளுக்குத் தெரியாது. நான் அவளிடம் எதையும் சொல்லவில்லை. அவன் பெட்டியிலிருந்த துணிகளை எடுத்துக் கொடியில் போட்டான். ஓசூர்ப் பேச்சு அதோடு முடிந்தது.

சென்ற வெள்ளிக்கிழமை காலையில் கார் எங்கள் வாசலில் நின்றது. அந்தப் பையன் இடதுபக்க சீட்டில், காலை நீட்டியபடி. என் மகன் உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தான். நான் காரருகில் போனேன்.

"எங்கப்பா, இத்தன வெள்ளன?"

"ஆனமலைக்குங்க அங்கிள். மொளகா அரைக்க."

ஆனைமலை மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசுவது, தனக்கு அநியாயம் செய்தவனுக்குத் தண்டனை கேட்டு. எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

"யாருக்குப்பா?" என்றேன்.

"ரோட்டுல கொள்ளுப் போட்டவங்களுக்குத்தான். வேற யாருக்கு?" சிரித்தான். "என்னால உக்காந்து அரைக்க முடியாதல்லங்க. இவந்தான் அரைக்கணும்."

என் மகன் வந்து ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தான். அவனுக்குக் கேட்டிருக்கும். ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தான். அவன் பொள்ளாச்சி தாண்டி ஓட்டிப் பழகியவன் அல்ல. அந்த ரோடு பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் தெரியும். அங்கே அவர்களுக்குத் தோப்பு இருக்கிறது.

நான் குனிந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன். "ரோடு பாத்துச் சொல்லுப்பா."

"சொல்றனுங்க அங்கிள்" என்றான் அவன்.

கார் நகர்ந்தது. நான் ஜன்னலை விடாமல் கொஞ்ச தூரம் கூடவே நடந்தேன்.